பிளஸ் டூ முடிவதற்குள் சோறாக்கத் தெரிய வேண்டும்

ஜூன், ஜூலை மாதம் வந்துவிட்டால் தாராபுரத்திலும் கோபியிலும் பொள்ளாச்சியிலும் வீடு வீடாக மூட்டை கட்டுகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரிக்குக் கிளம்புகிறது. வாளி, பூட்டு, போர்வை, புது லேப்டாப், டப்பா நிறையப் பருப்புப்பொடி, அம்மாயி சுட்டுக் கொடுத்த கச்சாயம் என்று எதையும் மறக்காமல் எடுத்து வைக்கிறது வீடு. பசித்தால் அந்தப் பிள்ளைக்குத் தானே ஒரு போசி சோறாக்கிக்கொள்ளத் தெரியுமா என்ற கேள்வி மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. யாராவது கேட்டாலும், "அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம், இப்பப் படி கண்ணு" என்பதுதான் பதில். அந்தப் பதிலோடுதான் இந்தக் கட்டுரைக்கு வழக்கு. பதின்மூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையில், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, ஆணானாலும் பெண்ணானாலும் ஒரு வேளைச் சாப்பாட்டை முழுக்கத் தானே ஆக்கி நாலு பேருக்குப் பரிமாறக் கற்றிருக்க வேண்டும். அது தானாக வந்துவிடும் என்று இருந்த காலம் முடிந்துவிட்டது. இனி வீடு மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

முன்பு அது தானாகத்தான் வந்தது. கொங்கு மேட்டுநிலத்துக் குடியானவர் வீடுகளில் சமையல் நாள் முழுக்கக் கண்ணெதிரே நடந்த வேலை. கம்பை உரலில் குத்திப் புடைத்த பிறகுதான் உலை. ராகியைத் திருகையில் அரைக்க வேண்டும், இல்லையென்றால் மாவு மில்லுக்குத் தூக்கிப் போக வேண்டும். பருப்பையும் கீரையையும் பச்சைப்பயறையும் கடைய மத்து, களி கிண்டத் துடுப்பு. பண்டிகைக்கு இட்லி சுடுவதென்றால் ஆட்டுக்கல்லில் ஒருவர் குழவியைச் சுற்ற, இன்னொருவர் மாவைத் தள்ளிவிட வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் சிறுசுதான். எவ்வளவு ஈரம் இருந்தால் மாவு சரி, களி எப்போது துடுப்பில் ஒட்டாமல் வரும், கொள்ளு எந்தப் பதத்தில் நசுங்கும் என்பதெல்லாம் வாயால் சொல்லாமலே கைக்கு வந்தன. கூட்டுக் குடும்பம் பிரிந்து, வேலைக்காக ஊர் ஊராகப் போகத் தொடங்கியபோதே இந்த வழியில் முதல் அடைப்பு விழுந்துவிட்டது. 1951-இல் மீனாட்சி அம்மாள் எழுதி வெளியிட்ட 'சமைத்துப் பார்' இன்றுவரை பதிப்புக் கண்டுவருவதற்குக் காரணம் அதன் ருசி மட்டுமல்ல. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்க ஆளில்லாதவர்களுக்கு அளவும் முறையும் எழுத்தில் தேவைப்பட்டன.

அடுத்த மாற்றம் கோவையிலேயே பிறந்தது. 1955-இல் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கினார். அரை நூற்றாண்டு கழித்து, 2005-06-இல், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெண்களின் தோளையும் இடுப்பையும் ஆட்டுக்கல்லிலிருந்து மீட்ட கருவி அது. 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸியையும் கிரைண்டரையும் வழங்கத் தொடங்கிய பிறகு குடிசை வீட்டுக்கும் அந்த விடுதலை போய்ச் சேர்ந்தது. இதில் வருத்தப்பட எதுவுமில்லை. உரலும் ஆட்டுக்கல்லும் திரும்பி வர வேண்டும் என்று ஏங்குபவர்கள் அவற்றைச் சுற்றியவர்களாக இருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்னொரு கை தேவைப்பட்ட இடங்கள் எல்லாம் மறைந்தபோது, சமையலறையில் பிள்ளைக்கு இருந்த இடமும் சேர்ந்தே மறைந்தது. இரண்டு மணி நேர வேலை அரை மணியில் முடிகிறது, அதுவும் பிள்ளை டியூஷன் வேனில் ஏறிய பிறகு முடிகிறது. தட்டில் விழும் சோறுதான் அதன் கண்ணில் படுகிறது. மாவு பாக்கெட்டிலும் மசாலா பொட்டலத்திலும் வரும்போது அந்த அரை மணியிலும் பார்க்க அதிகமில்லை. அதே கருவிகள் இன்னொன்றையும் செய்திருக்கின்றன: சமையலில் உடம்புப் பாடு இருந்த பகுதியை எடுத்துவிட்டன. பதினான்கு வயதுப் பிள்ளையால் செய்ய முடியாத வேலை என்று இன்றைய அடுப்படியில் ஏதும் இல்லை. கற்கும் வாய்ப்புக் குறைந்த அதே காலத்தில்தான் கற்பது எளிதாகவும் ஆகியிருக்கிறது.

கற்காமல் விட்டால் என்ன கெட்டுப்போகிறது? இன்று பசித்தவருக்குச் சாப்பாடு கிடைக்காமல் போவதில்லை. கோவையில் பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் மெஸ் இருக்கிறது, பேக்கரி இருக்கிறது, ஸ்விக்கியும் ஜொமேட்டோவும் நள்ளிரவிலும் வாசலுக்கு வருகின்றன. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு நகரத்து வீடுகள் உணவுக்குச் செலவிடும் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பானங்கள், பதப்படுத்திய தின்பண்டங்கள், வெளியில் வாங்கும் சமைத்த சாப்பாடு ஆகியவை அடங்கிய வகைக்குப் போகிறது. பெரிய மாநிலங்களில் நாம்தான் முதலிடம். இதைக் குற்றம் என்று சொல்ல நான் தயாரில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் தாய் வழியில் நாலு புரோட்டா வாங்கிப் போவதற்கு யாரும் அவரைக் கேள்வி கேட்க முடியாது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. ஆக்கத் தெரிந்தவர் வெளியில் வாங்கினால் அது அவருடைய விருப்பம். தெரியாதவருக்கு வேறு வழியே கிடையாது. மாசக் கடைசியில் பணம் தீர்ந்த அறையில், காய்ச்சல் கண்டு கஞ்சி வேண்டியிருக்கும் நாளில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

இந்தத் திறமை பிற்காலத்தில் பலன் தருகிறதா என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பள்ளிப் பருவத்திலிருந்தே பின்தொடர்ந்து வந்த இளைஞர்களிடம், அவர்கள் 18 முதல் 23 வயதில் இருந்தபோது, தங்களுக்குப் போதுமான சமையல் திறமை இருக்கிறதா என்று கேட்டார்கள். ஏறக்குறைய பத்தாண்டு கழித்து, முப்பது வயதை ஒட்டி அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவு இது: திறமை இருக்கிறது என்று சொன்னவர்கள் பிற்காலத்தில் காய்கறியோடு கூடிய சாப்பாட்டை அடிக்கடி சமைத்தார்கள், துரித உணவைக் குறைவாக உண்டார்கள். சமைக்கத் தெரிந்ததுதான் காரணமா, அல்லது நல்ல சாப்பாட்டில் அக்கறையுள்ள வீட்டில் வளர்ந்ததால் இரண்டும் சேர்ந்தே வந்தனவா என்று அந்த ஆய்வு ஒன்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எப்படியிருந்தாலும் இருபது வயதில் இருக்கிற கை முப்பதிலும் உடன் வருகிறது என்பது தெரிகிறது.

நமக்கு அது சாதாரண விஷயமல்ல. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டு வயதுவந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4. சமைக்கத் தெரிந்தால் சர்க்கரை வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டுச் சமையலிலேயே அளவு மீறலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்று மருத்துவர் சொன்னால், தன் கையால் உப்பு அள்ளிப் போட்டவருக்குத்தான் அது எவ்வளவு என்று தெரியும். ஒரு சிறு கரண்டி நிறைய, அவ்வளவுதான். வடைச்சட்டியில் எவ்வளவு எண்ணெய் குறைந்தது என்பது வடை சுட்டவர் கண்ணுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது நோட்டீஸில் படிக்கிற அறிவுரை.

எதில் தொடங்குவது என்பதற்கு நம் வட்டாரத்தில் விடை தயாராக இருக்கிறது: அரிசிம்பருப்புச் சோறு. முதல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை யோசித்து உருவாக்கினாலும் கிடைக்காது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, இரண்டையும் சேர்த்துக் கழுவி இருபது நிமிடம் ஊறப்போட வேண்டும். குக்கரில் கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு. அது வெடித்ததும் சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை. உடனே ஒரு கைப்பிடி சின்ன வெங்காயமும் தட்டிய பூண்டும். வெங்காயம் வதங்கி நிறம் மாறியதும் தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. தக்காளி கரைந்ததும் அரிசி பருப்பைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி மூடினால் மூன்று விசில். ஆவி தானாக அடங்கியதும் திறந்து, கொத்தமல்லி தூவி, ஊத்துக்குளி வெண்ணெயில் உருக்கிய நெய்யை ஒரு கரண்டி விட வேண்டும். தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும் சுட்ட அப்பளமும் போதும்.

இந்த ஒரே போசியில் எவ்வளவு பாடம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். கடுகுக்கு நல்ல சூடு வேண்டும், அதே சூட்டில் சீரகம் சில நொடிகளில் கருகிவிடும். அதனால்தான் இந்த வரிசை. வெங்காயத்தின் ஈரம் விழுந்ததும் எண்ணெயின் சூடு தணிந்து, முன்னால் போட்டதெல்லாம் கருகாமல் பிழைக்கும். தாளிப்பின் இலக்கணமே இதுதான். இது ஒருமுறை பிடிபட்டால் பொரியலும் குழம்பும் ரசமும் அதே இலக்கணத்தில் நடக்கும். தண்ணீர் அளவு அரிசியைப் பொறுத்தது. பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும், புது அரிசிக்குக் குறைக்க வேண்டும். குக்கருக்குள் ஆவி அடைபடுவதால் தண்ணீர் 100 டிகிரியில் நிற்காமல் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறுகிறது, அதனால்தான் பருப்பு அத்தனை சீக்கிரம் வேகிறது. பள்ளி அறிவியலில் இதைப் படித்த பிள்ளை, ஆவி அடங்கும் முன் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைக் கையால் புரிந்துகொள்கிறது. முதல் தடவை குழைந்துபோகலாம். குழைந்தால் நெய் விட்டுக் குழைசோறாகவே சாப்பிடலாம். நட்டரிசியாக நின்றால் வெந்நீர் தெளித்துச் சிறுதீயில் பத்து நிமிடம் வைக்கலாம். கெட்டுப்போனதைச் சரிசெய்யத் தெரிவதுதான் சமையல்காரருக்கும் சமையல் குறிப்பு படிப்பவருக்கும் உள்ள தூரம். இந்தச் சோறு அந்தத் தூரத்தைக் கடக்க இடம் தருகிறது, சுலபத்தில் பாழாவதில்லை.

இங்கே பெற்றோர் பலர் செய்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, வெங்காயம் உரிக்கச் சொல்கிறார்கள், தேங்காய் துருவச் சொல்கிறார்கள், பிறகு கற்றுக்கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். வருஷக் கணக்கில் வெங்காயம் உரித்தாலும் சமையல் வராது. சமையலின் பாதி, அடுப்புப் பற்றவைக்கும் முன்பே நடக்கிற யோசனை. வீட்டில் என்ன இருக்கிறது, எது நாளைக்குத் தாங்காது, அப்பச்சிக்கு உப்புக் குறைவாக வேண்டும், தங்கை காரம் தொடமாட்டாள், எட்டு மணிக்குப் பந்தி போட வேண்டுமென்றால் எதை முதலில் வைப்பது என்று முடிவெடுக்கிறவர்தான் சமைக்கிறவர். ஆகவே வாரத்தில் ஒரு வேளையை முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். முந்தின நாள் பணத்தையும் பையையும் கொடுத்து, கோவையில் ஆர்.எஸ்.புரமோ சிங்காநல்லூரோ வடவள்ளியோ, பக்கத்திலிருக்கிற உழவர் சந்தைக்கு அனுப்பலாம். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பதும், முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பதும் அங்கேதான் பழகும். அடுத்த பாடமாகக் கொள்ளு எடுக்கலாம். வேகவைத்த தண்ணீரை வடித்துச் செலவுச் சாமான் அரைத்துவிட்டால் ரசம், வெந்த கொள்ளை வெங்காயம் பூண்டோடு வதக்கி ஆட்டினால் சோற்றில் பிசைய ஒரு பருப்பு. ஒரு பொருளில் இரண்டு சாப்பாடு எடுப்பது மானாவாரி நிலத்தில் பிழைத்தவர்களின் கணக்கு, விடுதி அறையில் பிழைக்கப் போகிறவருக்கும் அதுதான் கணக்கு. சாப்பிட்டு முடித்த பிறகு போசி, கரண்டி, மேடை எல்லாம் கழுவித் துடைப்பதும் அதே ஆளின் வேலைதான். ஆக்கிவிட்டு எழுந்துபோகிறவர் பாதிதான் கற்றவர்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலும் பெரியதும் படிப்பு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துப் பள்ளிகளின் பெயரைச் சொன்னாலே தமிழ்நாடு முழுக்க மதிப்பெண் ஞாபகம் வரும். விசைத்தறியிலும் லாரியிலும் பவுண்டரியிலும் உழைத்தவர்கள், தங்கள் பிள்ளைக்கு அந்த உழைப்பு வேண்டாம் என்று கடன் வாங்கிக் கட்டிய கட்டணம் அது. அந்த ஆசையைக் குறைத்துப் பேசுவது தவறு. ஆனால் நான் கேட்பது வாரத்துக்கு ஒரு வேளை, சந்தையும் பாத்திரமும் சேர்த்து மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையில் அந்த மூன்று மணி நேரத்தை எடுத்தால் மதிப்பெண் போய்விடும் என்ற வாதம், பிள்ளை மற்ற நேரமெல்லாம் கண் இமைக்காமல் படிக்கிறது என்று நம்பினால்தான் நிற்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் விடுதியில் கழிக்கப்போகும் பிள்ளைகளின் நிலை இன்னும் அவசரமானது. அங்கே அடுப்பைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லை. பள்ளி விடுதியிலிருந்து கல்லூரி விடுதி, அங்கிருந்து பெங்களூரில் வாடகை அறை என்று போகிறவருக்கு, பதினைந்து வயதில் வீட்டில் கழித்த நாட்கள்தான் பெற்றோரோடு தொடர்ந்து வாழ்ந்த கடைசி நாட்களாக இருக்கும். அவர்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும். 'பொறவு' என்று ஒத்திப்போடுவதற்கு அப்புறம் நாள் மிச்சமில்லை.

இரண்டாவது மறுப்பு, ஆபத்து. அது நியாயமான பயம். சமையலறையில் தீ, கத்தி, கொதிக்கும் எண்ணெய் மூன்றும் இருக்கின்றன. ஆனால் இந்தப் பயத்துக்கு மருந்து, சொல்லிக்கொடுப்பதுதான். தனி அறையில் பத்தொன்பது வயதில் யாருமில்லாமல் முதல் தடவை கேஸ் திறப்பவருக்கு இருக்கிற ஆபத்து, பதினான்கு வயதில் அம்மா பக்கத்தில் நிற்கத் திறப்பவருக்கு இல்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். அதற்கென்று சேர்த்த வாடை மூக்கில் ஏறியதும் ரெகுலேட்டரை மூடிச் சன்னல் கதவைத் திறக்க வேண்டும், மின்விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணைக் கூப்பிட வேண்டும். வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து ஒரு மூடியால் மூடிவிட வேண்டும். கையில் சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதையும் தடவக் கூடாது. குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, விசில் துவாரத்தில் பருப்பு அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இத்தனையும் பெரியவர்களுக்கே ஒழுங்காகத் தெரிந்திருக்கிறதா என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. பிள்ளைக்குச் சொல்லித்தரும் சாக்கில் வீடே கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்து அடுப்படியிலிருந்து மீட்க இத்தனை பாடுபட்ட பிறகு, பதின்வயதில் சமையல் என்று பேசினால் அது சுற்றிச் சுற்றிப் பெண் தலையில்தானே வந்து விழும்? விழும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஒரு நாளில் சமையல் சார்ந்த வேலையில் கைவைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 75 பேர், ஆண்களில் நூற்றுக்கு 6 பேர். 2024-இல் மறுபடி எடுத்தபோதும், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுத்தார்கள், ஆண்கள் 88 நிமிடம். இந்த நிலையில் பெண்பிள்ளைக்கு மட்டும் சமையல் சொல்லிக்கொடுக்கிற வீடு அவளுக்குத் திறமை தரவில்லை, பாரத்தை முன்கூட்டியே கொடுக்கிறது. அதனால்தான் இந்த வாதத்தில் ஆண்பிள்ளையை விட்டுவிட முடியாது. அண்ணனும் தங்கையும் உள்ள வீட்டில் வாரத்தில் ஒரு வேளை அவனுக்கு, ஒரு வேளை அவளுக்கு. அவனுக்குக் கொடுக்க மனமில்லாத வீடு அவளுக்கும் கொடுக்காமல் இருப்பதே நேர்மை.

ஆண் கைக்குச் சமையல் வராது என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. கோவைக்கு மேற்கே மாதம்பட்டி என்றால் இன்று கல்யாணச் சமையல்தான் ஞாபகம் வருகிறது. ஆயிரம் இலை போடும் அந்தக் கொட்டகைகளில் அண்டாவைக் கிண்டுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1968-இல் தொடங்கிய அன்னபூர்ணா ஹோட்டலின் சாம்பார் முதல் தெருமுனை டீக்கடை போண்டா வரை, கடைச் சமையல் நெடுங்காலம் ஆண்களின் தொழிலாகவே இருந்து வந்திருக்கிறது. கூலி கொடுத்தால் ஆண் சமைக்கிறான். கூலியும் கைதட்டலும் இல்லாத தினப்படிச் சமையல் மட்டும் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதே கோவையில் 1957-இல் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்றுவந்த ராஜம்மாள் தேவதாஸ் அதை நெடுங்காலம் வழிநடத்தினார், 1988-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. சாப்பாட்டை அறிவியலாக மதித்து, ஆய்வுக்கூடத்தில் வைத்து, பட்டம் கொடுத்த பெருமை இந்த ஊருக்கு உண்டு. பெண்களுக்கு உயர்கல்வியே எட்டாதிருந்த காலத்தில் அது பெண்களுக்காகத் தொடங்கப்பட்டதில் குறையில்லை. ஆனால் மனையியல் என்றால் பெண்கள் படிப்பு என்ற எண்ணம் அப்படியே பள்ளிக்கூடம் வரை இறங்கி நின்றுவிட்டது. மேல்நிலை வகுப்பில் அந்தப் பாடம் பெரும்பாலும் பெண்கள் பள்ளிகளில்தான் இருக்கிறது. மனை என்பது ஆணும் வாழ்கிற இடம் என்று பாடத்திட்டம் நினைக்கவில்லை.

பள்ளி நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஜப்பான் ஒரு சான்று. அங்கே ஐந்தாம், ஆறாம் வகுப்பிலேயே ஆண் பெண் இருபாலருக்கும் மனையியல் பாடம் உண்டு. சோறு வடிப்பதும் மிசோ சூப் வைப்பதும் அதில் கட்டாயம். நடுநிலைப் பள்ளியில் 1993-இலும் மேல்நிலைப் பள்ளியில் 1994-இலும் இது ஆண்களுக்கும் கட்டாயமானது. இதன் பலனை மிகைப்படுத்த வேண்டாம். வளர்ந்த நாடுகளின் ஒப்பீட்டுக் கணக்குகளில் ஜப்பானிய ஆண் சம்பளமில்லாத வேலைக்குச் செலவிடும் நேரம் நாளுக்கு 41 நிமிடம்தான், அங்கே பெண் செலவிடுவது 224 நிமிடம். பள்ளியில் மிசோ சூப் வைத்த பையன் வளர்ந்து அலுவலகத்தில் இரவு வரை இருந்துவிட்டால் அந்தப் பாடம் அடுப்புக்கு வந்து சேர்வதில்லை. திறமை இல்லாமல் பங்கு வராது, திறமை மட்டும் இருந்தாலும் பங்கு வராது. இரண்டாவது பாதியைச் சொல்லித்தர வேண்டியது வீடு. தமிழ்நாடு 1982-இன் சத்துணவிலிருந்து 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வரை பள்ளிப் பிள்ளையின் வயிற்றை நிரப்ப எடுத்துக்கொண்ட அக்கறைக்கு இந்தியாவில் இணை குறைவு. தினமும் பல நூறு பேருக்குச் சோறு வேகும் அந்தச் சத்துணவுக் கூடத்துக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போய், அரிசியும் பருப்பும் எண்ணெயும் எந்த அளவில் போகின்றன என்று கணக்கு ஆசிரியரே காட்டலாம். அதற்குப் புது நிதி எதுவும் வேண்டாம்.

கடைசியாக, யார் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி. அம்மாவுக்கு ஏற்கெனவே நேரமில்லை, பிள்ளை தடுமாறி ஒரு மணி நேரம் எடுப்பதைத் தானே செய்தால் இருபது நிமிடத்தில் முடியும். உண்மைதான். முதல் இரண்டு மாதம் வேலை கூடத்தான் செய்யும். மூன்றாவது மாதத்திலிருந்து வாரத்தில் ஒரு வேளை அவருக்கு ஓய்வு. யூடியூப் பார்த்துக் கற்கலாமே என்பார்கள். முறை தெரிந்துகொள்ள அது நல்ல உதவிதான். புதுக்கோட்டைக் கிராமத்துப் பெரியவரும் பேரன்களும் அண்டா வைத்துச் சமைத்த வில்லேஜ் குக்கிங் சேனலை 2021-க்குள் ஒரு கோடிப் பேர் பின்தொடர்ந்தார்கள் என்றால் நம் மக்களுக்குச் சமையல் பார்க்கப் பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திரையில் வாடை வராது, மஞ்சளின் பச்சை வாடை போய்விட்டதா என்று திரை சொல்லாது. பக்கத்தில் மூக்குள்ள ஒருவர் நிற்க வேண்டும். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்மாயியோ அப்பத்தாவோ இருக்கிற வீட்டில் அவர்களைவிடப் பொறுமையான வாத்தியார் கிடையாது. பிள்ளை சந்தேகம் கேட்கக் கேட்க அவர்களுக்கும் சொல்ல ஆசை வரும். சந்தகை பிழிவதும், ஒப்புட்டுக்குப் பூரணம் கிளறுவதும் எந்தப் புத்தகத்தைவிடவும் அவர்களிடம் துல்லியமாக இருக்கின்றன. அப்பாவும் நிற்கலாம். அவருக்குச் சமைக்கத் தெரியாதென்றால் இருவரும் சேர்ந்தே தொடங்கட்டும். அப்பா கரண்டி பிடிப்பதைப் பார்க்கிற பையனுக்கு வேறு பிரசங்கம் தேவைப்படாது. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மே மாத விடுமுறை இதற்குத் தோதான காலம். அந்த மாதத்தில் சோறு வடிக்கவும் ஒரு பருப்புக் கடையவும் ரசம் வைக்கவும் ஒரு காய் பொரிக்கவும் பழகிவிட்டால், பள்ளி திறந்த பிறகு ஞாயிறு மதியம் அந்தப் பிள்ளைக்கு என்று எழுதி ஒட்டிவிடலாம். ஆடி பதினெட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அன்று அடுப்பு பிள்ளையுடையதுதான், பெரியவர்கள் கூப்பிட்டால் மட்டும் உள்ளே போகலாம்.